931 தடவை ஆஜர்!

கால்பந்தாட்டம் என்று சொன்னால் போதும், நமது வீட்டுப் பிள்ளைகள் மடமடவென்று பெயர்களை ஒப்பித்துவிடுவார்கள். பீலே என்பார்கள், மரடோனா என்பார்கள், மெஸ்ஸி என்பார்கள். பதினொரு பேர் கொண்ட கோஷ்டியில் பத்துப் பேரை மறந்துவிட்டு, கோல் போட்ட ஒருவரை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு கூத்தாடுவது உலக வழக்கம். அதில் குறை காண நாம் வரவில்லை. தேர் ஓடும்போது எல்லோருடைய கண்ணும் மேலே வீற்றிருக்கும் சுவாமியின்மேல்தான் இருக்கும். கீழே சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவனை யார் பார்க்கிறார்கள்? ஆனாலும் அவன் ஒருநாள் வராவிட்டால் தேர் நிலைக்கு வந்து சேராது.

அப்படிக் கட்டை போட்டே காலம் கழித்த ஓர் ஆட்டக்காரரைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறோம். அதற்கு முன் நேயர்களுக்கு ஒரு கேள்வி. இங்கிலாந்தின் லீக் பந்தயங்களில், கோல் காப்பவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், மிகவும் அதிகமான ஆட்டங்களை ஆடியவர் யார்? பாபி சார்ல்டன் அல்ல. ஸ்டான்லி மாத்யூஸும் அல்ல. அவர் பெயர் டோனி ஃபோர்டு. மோட்டார் வண்டி ஃபோர்டுக்கும் இவருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இவர் 1975-ம் வருஷம் பதினாறு வயதுச் சிறுவனாக மைதானத்தில் இறங்கினார். 2001-ம் வருஷம் நாற்பத்திரண்டு வயதில் வெளியேறினார். இடையில் ஆடிய லீக் ஆட்டங்கள் 931. கோப்பைப் பந்தயங்களையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும்.

இதில் அதிசயம் வேறு ஒன்று உண்டு. அந்த 931 ஆட்டங்களில் ஒன்றுகூட முதல் வகுப்பில் ஆடியதல்ல!

நாலு வகுப்பு ரயில்

முதல் வகுப்பு என்றால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். இங்கிலாந்தில் கால்பந்து லீக் 1888-ம் வருஷம் பன்னிரண்டு சங்கங்களுடன் ஆரம்பமாயிற்று. நாளாவட்டத்தில் அது பெருகி, 1958-ம் வருஷம் முதல் நான்கு வகுப்புகளாக அமைந்தது. மொத்தம் 92 சங்கங்கள். இவை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட வகுப்புகள். வருஷ முடிவில் கீழ் வகுப்பில் முன்னணியில் நிற்பவர்கள் மேலே போவார்கள். மேல் வகுப்பில் கடைசியில் நிற்பவர்கள் கீழே தள்ளப்படுவார்கள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை தேறாதவன் அதே வகுப்பில் உட்காருகிறான். இந்த லீக்கிலோ கீழ் வகுப்புக்கே இறக்கிவிடுகிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த ஏற்பாடு வந்தால் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாது என்று நினைத்துப் பார்க்கவே பயமாயிருக்கிறது.

வகுப்புகளின் பெயர்கள் பிற்காலத்தில் மாறின. 1992-ல் முதல் வகுப்புச் சங்கங்கள் தனியே பிரிந்து பிரிமியர் லீக் என்ற பெயர் வைத்துக்கொண்டன. 2004-ல் மற்ற மூன்றுக்கும் புதுப் பெயர் சூட்டினார்கள். பெயர் மாறினாலும் ரயில் அதே ரயில்தான். முதல் வகுப்பில் மெத்தை; கீழ் வகுப்பில் பலகை.

அந்தப் பலகை வகுப்புகளில் ஒரு வருஷத்துக்கு 46 ஆட்டங்கள். ஆகஸ்டில் ஆரம்பித்து மே மாதத்தில் முடியும். சனிக்கிழமை பிற்பகல் ஒன்று; பல வாரங்களில் செவ்வாய்க்கிழமை இரவிலும் ஒன்று. ஜனவரி மாதத்துச் சேற்றிலும், முகத்தில் ஊசி குத்துவது போன்ற மழையிலும் ஆட வேண்டும். ஒருவர் ஓர் ஆட்டம்கூடத் தவறாமல் இருபது வருஷம் ஆடினாலும் 920 தான் ஆகும். 931-ஐ எட்ட இன்னும் பதினொன்று பாக்கி நிற்கும்! காயம், காய்ச்சல், நிர்வாகியின் அதிருப்தி இவை யாவும் போக ஒருவர் இந்தத் தொகையை எட்டியிருக்கிறார் என்றால் அது சாமானியமான காரியமா?

மீன்பிடித் துறையில் ஒரு சிறுவன்

1911-ம் வருஷம் கல்கத்தாவில் மோகன் பகான் கோஷ்டியார், வெறுங்காலுடன் ஆடிய வீரர்களைப் பெரும்பாலும் கொண்டு, ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தாரை வென்று கேடயம் கொண்டுவந்த கதை நமது நேயர்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பட்டாளத்துக்குப் பெயர் தந்த கிழக்கு யார்க்ஷயர், ஹம்பர் நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் வடகரை. அதன் தென்கரையில் இருக்கிறது கிரிம்ஸ்பி என்னும் துறைமுகம். ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்று என்று பெயர் பெற்றது. அவ்வூர்க் கால்பந்துச் சங்கத்தாரை ‘மாலுமிகள்’ என்றே அழைப்பார்கள். அவர்களுடைய மைதானம் கிரிம்ஸ்பியில் இல்லை. பக்கத்து ஊரான கிளீதார்ப்ஸில் இருக்கிறது. ஆகவே, கிரிம்ஸ்பி கோஷ்டியார் தங்கள் சொந்த ஊரில் ஆடுவதே கிடையாது என்று வேடிக்கையாகச் சொல்வது உண்டு.

டோனி ஃபோர்டு 1959-ம் வருஷம் மே மாதம் கிரிம்ஸ்பியில் பிறந்தவர். 1975-ம் வருஷம் அக்டோபர் 4-ம் தேதி, மூன்றாம் வகுப்பு ஆட்டம் ஒன்றில், வால்சால் கோஷ்டிக்கு எதிராக முதல்முதலில் இறங்கினார். வயது பதினாறு வருஷம், 143 நாள். அதுவரை அச்சங்கத்துக்காக ஆடியவர்களுள் அவ்வளவு இளையவர் யாரும் இல்லை.

அதே அக்டோபர் மாதத்தில்தான் ஐஸ்லாந்து என்னும் சின்னஞ்சிறு தேசம், தன் கரையிலிருந்து இருநூறு மைல் வரை உள்ள கடல் தனக்கே சொந்தம் என்ற சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. கப்பலும் கப்பலும் மோதின. கடைசியில் 1976-ல் பிரிட்டன்தான் இறங்கி வந்தது. சிறிய தேசம் தன் உரிமையை நிலைநாட்டியதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஐஸ்லாந்துக் கடலை நம்பிப் பிழைத்த கிரிம்ஸ்பி மீன்பிடிகாரர்களின் அடுப்பில் அன்று தண்ணீர் ஊற்றப்பட்டது. படகுகள் ஒவ்வொன்றாகக் கரையில் ஒதுங்கின. ஊருக்குச் சனிக்கிழமைதோறும் தலை நிமிர்ந்து கூடுவதற்கு என்று மிஞ்சியது கால்பந்து மைதானம் ஒன்றுதான். அந்த மைதானத்தில் அவ்வூர்ப் பையன் ஒருவன் வலப்பக்கத்து ஓரமாக ஓடிக்கொண்டிருந்தான்.

1979-ல் கிரிம்ஸ்பி நான்காம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு ஏறியது. மறு வருஷமே மூன்றாம் வகுப்பில் முதல் ஸ்தானம் பெற்று இரண்டாம் வகுப்புக்கும் ஏறிவிட்டது. இரண்டு ஏற்றத்திலும் ஃபோர்டுக்குப் பங்கு உண்டு.

நடுவில் நிற்பவர்

இனி, இவர் என்ன வேலை செய்தார் என்று பார்ப்போம். பழைய நாளில் கால்பந்துக் கோஷ்டியை இரண்டு, மூன்று, ஐந்து என்று நிறுத்துவார்கள். பின்னால் காவலர் இருவர்; நடுவே மூவர்; முன்னால் தாக்குகிறவர் ஐவர். ஓரங்களில் நிற்கும் முன்வரிசைக்காரர் பந்து வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். 1966-ல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றபோது, அந்தக் கோஷ்டியின் நிர்வாகி ஆல்ஃப் ராம்ஸே ஓர முன்வரிசைக்காரரையே நீக்கிவிட்டு நடுவரிசையைப் பலப்படுத்தினார். அதன் பிறகு இங்கிலாந்தில் நாலு, நாலு, இரண்டு என்ற அமைப்பு ஊரெங்கும் பரவிற்று. முன்னால் கை கட்டி நின்றவர் நடுவரிசைக்கு இறங்கி வந்தார். வேலை இரட்டிப்பாயிற்று. பந்து நம்மிடம் இருந்தால் முன்னே ஓடித் தாக்க வேண்டும். எதிரியிடம் போய்விட்டால் பின்னே ஓடிக் காக்க வேண்டும். மாமியார் வீட்டு மருமகளைப் போல முற்றத்துக்கும் கொல்லைக்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பாராட்டு மட்டும் கிடைக்காது.

ஃபோர்டு வலப்பக்கத்து ஓரத்தில் இந்த வேலையைச் செய்தார். நடுவரிசைக்காரர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் சுமார் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறார் என்பது பொதுவான கணக்கு. 931 ஆட்டத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வரும். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு ஓடிப்போய், திரும்பி ஓடிவந்து, மறுபடியும் பாதி வழிக்கு மேல் ஓடுவதற்குச் சமானம்! இவ்வளவுக்கும் அவர் லீக்கில் போட்ட கோல்கள் நூற்றுச் சொச்சம்தான். எட்டொன்பது ஆட்டத்துக்கு ஒரு கோல். பத்திரிகைக்காரர்கள் தலைப்புப் போடுவதற்கு இது போதாது. ஆனால் இவர் போல ஓடுகிறவர் இல்லாமல் யாருடைய தலைப்பும் அச்சேறாது.

கூலிக்கு வரம்பு

கால்பந்தாட்டக்காரர் என்றால் மாளிகையும் மோட்டாரும் என்று நாம் எண்ணுகிறோம். அந்த எண்ணம் மிகச் சமீப காலத்தது. 1901-ம் வருஷம் லீக்காரர்கள் ஆட்டக்காரருடைய வாரச் சம்பளம் நாலு பவுனுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டினார்கள். அறுபது வருஷத்துக்குப் பின், 1961-ல் கூட, அந்த வரம்பு இருபது பவுனில்தான் இருந்தது. ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவரான ஜிம்மி ஹில் வேலைநிறுத்தம் வரை தொழிலாளரைத் திரட்டியபின் வரம்பு ஒழிந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரையும் வேறிடம் போகவிடாமல் பிடித்துவைக்கும் வழக்கமும் இருந்தது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்பவர் நீதிமன்றத்துக்குப் போய், 1963-ல் அது நியாயமற்ற தடை என்று தீர்ப்புப் பெற்றார்.

வரம்பு உடைந்தது நியாயமே. ஆனால் அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மேல் வகுப்புச் சங்கங்களின் சம்பளம் ஆகாயத்தை நோக்கிக் கிளம்பியது. கீழ் வகுப்பினர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றனர். முன்பு மைதான வசூலில் வந்தாடும் கோஷ்டிக்கும் ஒரு பங்கு கொடுப்பார்கள். 1983-ல் அதை நிறுத்தி, வசூல் முழுவதும் மைதானத்துக்கு உரியவர்களுக்கே என்று செய்துவிட்டார்கள். பெரிய ஊர் கொழுத்தது. சின்ன ஊர் மெலிந்தது. 1992-ல் முதல் வகுப்பார் பிரிந்துபோனபோது தொலைக்காட்சிப் பணத்தின் பெரும் பங்கையும் கையோடு கொண்டுபோனார்கள். இந்த மாறுதல்களில் பின்னிரண்டும் ஃபோர்டு ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே நிகழ்ந்தவை. ஏணியின் மேற்படி உயர்ந்துகொண்டே போக, அவர் நின்ற படி நின்ற இடத்திலேயே நின்றது.

மே மாதத்துக் கவலை

கீழ் வகுப்பு ஆட்டக்காரரின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருஷம் அல்லது இரண்டு வருஷம். மே மாதம் வந்தால், யார் யாரை வைத்துக்கொள்வது, யார் யாரை அனுப்பிவிடுவது என்று சங்கத்தார் பட்டியல் தயாரிப்பார்கள். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மனைவியின் வேலை எல்லாம் அந்தப் பட்டியலில் தொங்கிக்கொண்டிருக்கும். பதினாறு வயதில் ஆசையோடு சேருகிற பிள்ளைகளில் மிகப் பலர் இருபது வயது கடக்கும் முன்பே இந்தப் பட்டியலால் வடிகட்டப்பட்டு வேறு தொழில் தேடிப் போகிறார்கள். மிஞ்சியவர்களுக்கும் நிலையான ஊர் என்பது கிடையாது. சங்கம் ஒருவரை விற்கலாம்; அல்லது சில வாரங்களுக்கு வேறு சங்கத்துக்கு இரவல் கொடுக்கலாம். ஆம், குடையையும் புஸ்தகத்தையும் போல ஆட்களையும் இரவல் கொடுப்பார்கள்!

ஃபோர்டும் 1986-ல் சண்டர்லாண்டுக்கு இரவலாகப் போனார். அந்த வருஷமே கிரிம்ஸ்பியை விட்டு ஸ்டோக் சங்கத்தில் சேர்ந்தார். 1989-ல் வெஸ்ட் பிராம்விச். 1991-ல் மறுபடி கிரிம்ஸ்பி. 1993-ல் பிராட்போர்டுக்குச் சில வாரம் இரவல். 1994-ல் ஸ்கந்தார்ப். பிறகு பாரோ, மான்ஸ்பீல்டு, ராச்டேல்.

இந்த ஊர்ப் பெயர்களை நேயர்கள் மறுபடி ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். கிரிம்ஸ்பி, மீன். சண்டர்லாண்டு, கப்பல் கட்டும் தொழில். ஸ்டோக், பீங்கான். வெஸ்ட் பிராம்விச், இரும்பு வார்ப்படம். பிராட்போர்டு, கம்பளி. ஸ்கந்தார்ப், எஃகு. மான்ஸ்பீல்டு, நிலக்கரி. ராச்டேல், பருத்தி. ஒரு காலத்தில் உலகத்துக்கெல்லாம் சரக்கு அனுப்பி, நமது கைத்தறிக்காரன் வாயில் மண் போட்ட அதே தொழில் ராஜ்யத்தின் வரைபடம் இது! அந்த ராஜ்யம் ஓய்ந்துவந்த காலத்தில் ஃபோர்டு அதன் ஊர் ஊராக ஆடித் திரிந்தார். சுரங்கம் மூடிற்று, கப்பல் துறை மூடிற்று, ஆலை மூடிற்று. ஆனால் சனிக்கிழமை மூன்று மணிக்கு மைதானத்தின் கதவு திறந்தது. வேலை இழந்த தகப்பன் மகனைக் கையைப் பிடித்து அழைத்துப்போக அந்த ஒரு கதவாவது ஊரில் இருந்தது. கீழ் வகுப்புக் கால்பந்தை ஏளனமாகப் பேசுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

நிறத்தின் பேரால்

ஃபோர்டு கறுப்பினத்தவர். 1970, 1980-களில் இங்கிலாந்து மைதானங்களில் கறுப்பு ஆட்டக்காரர்களைக் கண்டால் குரங்கைப் போலக் கத்துவதும், வாழைப்பழத்தை வீசியெறிவதும் சர்வ சாதாரணமாயிருந்தன. 1978-ல்தான் விவ் ஆண்டர்ஸன் என்ற கறுப்பு இளைஞர் இங்கிலாந்தின் பிரதான கோஷ்டியில் முதல்முதலாக ஆடினார். மைதானத்தில் கூட்டமாக நிறவெறிக் கூச்சல் போடுவது குற்றம் என்று பார்லிமெண்டு சட்டம் செய்ததோ 1991-ல்தான். அதற்குள் ஃபோர்டு பதினாறு வருஷம் ஆடி முடித்திருந்தார். வலப்பக்கத்து ஓரத்தில் ஆடுகிறவர் கூட்டத்துக்கு இரண்டு கஜ தூரத்தில் ஓடுகிறார் என்பதையும் மறக்கக்கூடாது. நிறத்தின் பேரால் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட ஒரு மனிதரின் தேசத்தார் நாம். அத்தகைய கூச்சலுக்கு நடுவே வாரந்தவறாமல் வேலைக்கு வந்து நிற்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1989-ல் ஒரு சின்ன வெளிச்சம் விழுந்தது. இங்கிலாந்தின் ‘பி’ கோஷ்டி என்னும் இரண்டாவது தேசீய கோஷ்டியில் இரண்டு ஆட்டங்கள் ஆட ஃபோர்டுக்கு அழைப்பு வந்தது. வயது முப்பது. பிரதான கோஷ்டியின் வாசல்படி வரை சென்றார் என்று சொல்லலாம். கதவு திறக்கவில்லை. இரண்டு வருஷத்தில், 1991-ல், வெஸ்ட் பிராம்விச் கோஷ்டி மூன்றாம் வகுப்புக்குத் தள்ளப்பட்டது. அந்தப் பழம்பெரும் சங்கத்தின் சரித்திரத்தில் அப்படி ஆனது அதுவே முதல் தடவை. முப்பத்திரண்டு வயது ஆட்டக்காரருக்கு இதைவிடக் கெட்ட சகுனம் என்ன வேண்டும்?

முடிந்த கதை முடியவில்லை

1996-ல் ஃபோர்டுக்கு முப்பத்தேழு வயது. ஸ்கந்தார்ப் சங்கத்தை விட்டு, பாரோ என்னும் ஊர்ச் சங்கத்துக்குப் போனார். பாரோ அப்போது லீக்கிலேயே இல்லாத சங்கம். அதாவது, நாலு வகுப்பு ரயிலையும் விட்டு இறங்கியாகிவிட்டது. அதோடு கதை முடிந்திருந்தால் எழுநூற்றுக்கு மேற்பட்ட லீக் ஆட்டங்கள் ஆடிய ஒரு பழைய ஆட்டக்காரர் என்று கிரிம்ஸ்பிக்காரர்கள் மட்டும் அவரை நினைவு வைத்திருப்பார்கள்.

அவ்வருஷமே மான்ஸ்பீல்டு சங்கத்தில் ஸ்டீவ் பார்க்கின் என்பவர் நிர்வாகியானார். இவர் ஸ்டோக்கிலும் வெஸ்ட் பிராம்விச்சிலும் ஃபோர்டோடு ஒரே கோஷ்டியில் ஆடியவர். ஃபோர்டைவிட ஆறு வயது இளையவர். அவர் பழைய தோழரை வரவழைத்துக்கொண்டார். முன்னாள் சகா எஜமானராகவும், மூத்தவர் அவர் கீழ் வேலைக்காரராகவும் இருப்பது எளிதல்ல என்று காரியாலயங்களில் வேலை பார்க்கும் நேயர்களுக்குத் தெரியும். ஃபோர்டு ஆடவும் செய்தார். இளைஞர்களைப் பழக்கவும் செய்தார்.

அப்போது லீக்கில் அதிக ஆட்டம் ஆடிய களத்து வீரர் என்ற பெருமை டெர்ரி பெயின் என்பவருக்கு இருந்தது. 824 ஆட்டங்கள். பெயின், 1966 உலகக் கோப்பைக் கோஷ்டியில் இடம் பெற்றவர். முதல் வகுப்பின் மெத்தையில் அமர்ந்தவர். 1999-ம் வருஷம் ஜனவரி மாதம், நான்காம் வகுப்பு ஆட்டம் ஒன்றில், மான்ஸ்பீல்டு சட்டையணிந்த ஃபோர்டு அந்தக் கணக்கைத் தாண்டினார். வயது முப்பத்தொன்பது.

அத்துடன் நிற்கவுமில்லை. அதே வருஷம் பார்க்கின் ராச்டேலுக்குப் போக, ஃபோர்டும் கூடவே போனார். ராச்டேல் என்ற பெயர் நமது நாட்டில் கூட்டுறவு இயக்கத்தை அறிந்தவர்களுக்குப் பரிச்சயமானது. 1844-ல் நெசவாளர் முதலிய இருபத்தெட்டுத் தொழிலாளர் கூடிக் கடை வைத்து, உலகத்துக்கே வழி காட்டிய ஊர் அது. கால்பந்திலோ அவ்வூர் 1974 முதல் 2010 வரை முப்பத்தாறு வருஷம் கடைசி வகுப்பிலேயே இருந்தது. நான்காம் வகுப்பையே ‘ராச்டேல் வகுப்பு’ என்று கேலி செய்வார்கள். அந்த வகுப்பில், தம் பிள்ளை வயதுள்ளவர்களுக்கு ஈடுகொடுத்து, நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு வயதுகளில் ஃபோர்டு ஆடினார். 2001 நவம்பரில் பார்க்கின் பார்ன்ஸ்லி சங்கத்துக்கு அழைக்கப்பட்டபோது ஃபோர்டும் உதவியாளராகச் சென்றார், ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். அப்போது நின்ற கணக்குத்தான் 931. லீக் சரித்திரத்தில் இதற்கு மேல் உள்ளவர் ஒரே ஒருவர். அவர் பீட்டர் ஷில்டன். 1,005 ஆட்டம் ஆடியவர். ஆனால் அவர் கோல் காத்தவர். பத்துக் கிலோமீட்டர் ஓட வேண்டியதில்லை!

ஃபோர்டு விலகிய சில மாதங்களில், 2002-ல், கீழ் வகுப்பு ஆட்டங்களை ஒளிபரப்ப ஒப்பந்தம் செய்திருந்த ஐ.டி.வி. டிஜிட்டல் கம்பெனி முறிந்தது. வராத பணத்தை நம்பிச் செலவு செய்திருந்த சங்கங்கள் தத்தளித்தன. அந்த மே மாதத்துப் பட்டியலில் ஏராளமான ஆட்டக்காரர்கள் பெயர் இழந்தார்கள். இருபத்தாறு மே மாதங்களைக் கடந்துவந்த மனிதர் நல்லவேளையாக அதற்குள் மறுகரை சேர்ந்துவிட்டார்.

இத்தனை வருஷம் எப்படி?

வெறும் தேகபலம் இதற்குப் போதாது. தேகபலம் மட்டும் இருந்தவர்கள் முப்பத்திரண்டில் நின்றுபோனார்கள். ஃபோர்டின் ஆட்ட வரலாற்றைப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. இளமையில் முன்னால் ஓடி எதிரியைக் கடக்கும் ஓர ஆட்டக்காரர். நடுவயதில் முன்னும் பின்னும் உழைக்கும் நடுவரிசைக்காரர். பிற்காலத்தில் வலப்பக்கத்துக் காவலர். கால் மெதுவாக ஆக, அவர் தம் இடத்தைச் சிறிது சிறிதாகப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். பின்னால் நிற்பவருக்கு மைதானம் முழுவதும் கண்ணெதிரே விரிகிறது. காலால் ஓடிய தூரத்தைக் கண்ணால் கணித்துக்கொள்ளலாம். பந்து எங்கே வரப்போகிறது என்பதை முன்கூட்டி அறிந்தவன் பாதி ஓட்டம் ஓடினால் போதும். ‘நேற்று முன்வரிசையில் இருந்தேனே, இன்று பின்வரிசையா?’ என்று முரண்டு பிடித்தவர்களுக்கு இந்த வித்தை வாய்க்காது.

சர்க்கார் அவருக்கு எம்.பி.இ. என்ற பட்டம் வழங்கியது. பட்டங்களைப் பற்றி நமக்கு எப்போதும் பெரிய மோகம் இருந்ததில்லை. ஆனால் சீமான்களுக்கும் தனவான்களுக்கும் போகிற பட்டம் ஒருதடவை வழி தவறி ஒரு கூலியாளின் வீட்டுக்குப் போனதற்காகச் சந்தோஷப்படலாம்.

வருகைப் பதிவேடு

சிலர் சொல்வார்கள்: “முதல் வகுப்புக்குப் போகத் திறமை போதவில்லை, அவ்வளவுதானே?” இருக்கலாம். இருபத்தாறு வருஷமும் முதல் வகுப்புச் சங்கங்களுக்குக் கண் இருந்தது, பார்த்திருப்பார்கள், வேண்டாம் என்றிருப்பார்கள். அதை மறைத்து அவரை மகா மேதை என்று புகழ்வது அவருக்கே நியாயம் செய்வதாகாது. ஆனால் 92 சங்கங்களில் முதல் வகுப்பில் இருப்பவை இருபதுதான். மற்ற எழுபத்திரண்டு ஊர்களிலும் சனிக்கிழமை பிற்பகல் வருகிறது. அங்கேயும் ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆட யார் இருக்கிறார்கள்?

பள்ளிக்கூட வாத்தியார்களாகிய நமக்கு இரண்டு புஸ்தகம் உண்டு. ஒன்று மார்க்குப் புஸ்தகம். மற்றொன்று வருகைப் பதிவேடு. மார்க்குப் புஸ்தகத்தில் முதலாவதாக வந்த பையனுடைய பெயரைப் பலகையில் எழுதி மாட்டுகிறோம். வருகைப் பதிவேட்டை வருஷ முடிவில் கட்டி அலமாரியில் எறிந்துவிடுகிறோம். மழையிலும் வெயிலிலும், வீட்டில் சாவானாலும் வாழ்வானாலும், ‘ஆஜர்’ என்று குரல் கொடுத்த பையன் யார் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. பிற்காலத்தில் தபாலாபீஸையும் ஆஸ்பத்திரியையும் ரயிலையும் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது புஸ்தகத்துப் பிள்ளைகள்தான். டோனி ஃபோர்டின் 931 என்பது மார்க்கு அல்ல, வருகை.

நமது வீடுகளில் மாலை வேளையில் புழுதி படிந்த காலோடு ஒரு பையன் வந்து நிற்கிறான். ‘எத்தனை கோல் போட்டாய்?’ என்று அப்பா கேட்கிறார். ஒன்றும் போடவில்லை என்றதும் மறுபடி பத்திரிகையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார். அடுத்த தடவை வேறொரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். ‘இன்றைக்குக் கடைசிவரை ஆடினாயா?’ என்று கேட்கலாம். ஆடினேன் என்றால், கால் கழுவத் தண்ணீரும், தின்னப் பட்சணமும் கொடுத்து, அம்மா செய்கிற மரியாதையை அப்பாவும் ஒருநாள் செய்யலாம்.